பாதி ஆலையும் அரைக் கிணறும்

சேர் ஹியூ டி ஹோல்ம்வெல் என்ற இங்கிலாந்துப் பிரபு செத்து எழுநூற்று இருபத்தெட்டு வருடங்கள் ஆகின்றன. குதிரையேறிச் சண்டை பிடிப்பது அவருடைய தொழில். அவருக்கு இரண்டு ஊர்களும், நாற்பது செம்மறி மேயக்கூடிய புல்வெளியும், பன்றிகளை விட்டு மேய்க்கும் உரிமையோடு ஒரு காடும், ஓடைக்கரை மாவாலை ஒன்றில் பாதியும் சொந்தம். மனைவிமார் இருவர், பிள்ளைகள் ஐவர், தம்பி ஒருவர். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் மாமனாரின் தகப்பன் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன்.

மனப்பாடமானதற்குக் காரணம் என் வேலை. ரொறன்ரோ நகரின் நடுவே, யூனிவேர்சிற்றி அவெனியூவுக்குப் பக்கத்துத் தெருவில், சேர் ஹியூவின் காணிகளையும் உறவுகளையும் ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனம் இருந்தது. இங்கிலாந்தில் செத்தவருக்கு ரொறன்ரோவில் என்ன அலுவல் என்று முதல் நாளே கேட்டேன். பிஸ்கட் செய்து பெரிய மனிதரான ஒருவர் தன்னைச் சேர் ஹியூவின் வம்சம் என்று நம்பியிருக்கிறார். அதை நிரூபிக்கும் வரைக்கும் நிறுவனம் நடக்கவேண்டும், நிரூபித்த அன்றே பூட்டவேண்டும் என்று உயில் எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். நாற்பத்தொரு வருடங்களாக அதை மிகக் கவனமாக நிரூபிக்காமல் வைத்திருந்தார்கள்.

சாவகச்சேரியில் நான் பதினான்கு வருடம் நொத்தாரிசு ஒருவரிடம் கிளாக்காக இருந்தவன். காணி உறுதி என்ற சொத்துப் பத்திரம் எழுதுவதும், பழைய உறுதிகளில் கறையான் விட்டுவைத்த எழுத்தை வாசிப்பதும் என் தொழில். அதைச் சொன்னதும் நிறுவனத்தில் அட்டை அடுக்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஒவ்வொரு மனிதனுக்கும் ஓர் அட்டை உண்டு. அட்டையில் நாலு கட்டம். முதலாவது பெயர், இரண்டாவது காணி, மூன்றாவது உறவு, நாலாவது இறந்த தேதி. அட்டையைத் தொடும்போது வெள்ளைக் கையுறை போடவேண்டும். காலையில் இயக்குநர் டொக்டர் பெம்பர்ட்டன் வாசலில் நின்று, "சேர் ஹியூவுக்கு உரியது?" என்று கேட்பார். "சேர் ஹியூவுக்கே" என்று சொல்லிவிட்டுத்தான் கோட்டைக் கழற்றலாம். மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு சப்வேயும் பிடித்து, சப்பாத்தில் பனி ஒட்ட வந்து இதை ஆறு வருடம் சொன்னேன்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை என் தங்கை ஜெயமலர் போர் நடந்துகொண்டிருந்த வன்னியிலிருந்து கூப்பிட்டாள். யாருடையதோ சற்றலைற் போன்.

"அண்ணை, நான் மலர்."

"எங்கை பிள்ளை நிக்கிறாய்?"

"தேவிபுரத்திலை. பங்கருக்குள்ளைதான் இருக்கிறம். ஒருநேரம் கஞ்சி கிடைக்குது. என்னை எப்பிடியாவது உங்காலை எடுத்துவிடுங்கோ அண்ணை. இனி ஏலாது." மூச்சு வாங்கிவிட்டு, "என்ரை உறுதி கவனமாத்தானே இருக்குது?" என்றாள்.

"ஓம், என்னட்டைத்தான் இருக்குது" என்று சொல்லும்போது லைன் போய்விட்டது.

எனக்கு இருந்த ஒரே சகோதரம் மலர். அவளுடைய புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பிள்ளைகள் இல்லை. தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது அவள் வன்னிக்குப் போனாள், நான் இங்கே வந்தேன். பிரியும்போது தன்னுடைய சீதன உறுதியை என் கையில் தந்து, "நீங்கள் வெளியிலை போறியள், உங்களட்டை இருந்தால் பத்திரம்" என்றாள். பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் ட்ரங்குப் பெட்டியோடு தொலைந்துபோன அந்த ஓட்டத்தில் தப்பியது அந்த உறுதி ஒன்றுதான்.

மார்க்கம் ரோட்டில் குடிவரவு வக்கீல் ஒருவரிடம் வேலை செய்த வேரோனிக்கா என்ற பிள்ளையிடம் போனேன்.

"அண்ணை, கருணை அடிப்படையிலை ஒரு அப்ளிகேஷன் போடலாம்" என்றாள். "ஆனால் அவ உங்கட தங்கச்சி எண்டதுக்குப் புரூஃப் வேணும். உங்கட வாய்ச்சொல்லுக் காணாது."

"சீதன உறுதி இருக்குது."

"உது தமிழிலை எழுதின பேப்பர். உதை விசா ஒஃபிசர் எந்தப் பக்கம் பிடிச்சுப் பாக்கிறது? கனடாவிலை சட்டப்படி நடக்கிற ஒரு நிறுவனம் உதை வாசிச்சு, ஓம், இன்னார் இன்னாருக்குத் தங்கச்சி எண்டு சீல் குத்தித் தந்தால் எடுப்பினம்."

கேட்டதும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எங்கள் நிறுவனத்துக்கு அந்த அதிகாரம் இருந்தது. உறவுறுதிப் பத்திரம் என்று தடித்த தாளில், சிவப்பு அரக்கு முத்திரையோடு கொடுப்பார்கள். ஊரெல்லாம் புரூஃப் தேடி அலையும்போது, புரூஃப் செய்யும் இடத்திலேயே எனக்குச் சம்பளம் என்று எண்ணிக்கொண்டு, விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

நிறுவனத்தின் துணைப் பதிவாளர் டொக்டர் வேதவல்லி சென்னைக்காரர். மிசிசாகாவிலிருந்து கார் ஓட்டி வருவார். உறுதியைக் கையுறை போட்டு வாங்கி, விளக்கின்கீழ் விரித்து, வாய்விட்டு வாசித்தார்.

"'எனது மகள் ஜெயமலருக்குச் சீதனமாகக் கொடுக்கும் ஆதன விபரமாவது: மட்டுவில் இறையிலிருக்கும் ஈச்சந்தறை என்னும் காணி, பரப்பு நாலு, குழி ஏழு. இதற்கு எல்லை: கிழக்கு ஒழுங்கை, வடக்கு பொன்னுப்பிள்ளை பெயர்க் காணி, தெற்கு வாய்க்கால், மேற்கு எனது மகன் இராஜரட்ணத்துக்கு விட்ட காணி. மேற்கு எல்லைக் கிணற்றில் அரைப்பங்கும்...'" அந்த இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார். "ரத்னம், அரைக் கிணறு. சர் ஹியூவோட பாதி மில்லுக்கு ஒப்பிட்டுப் பார்க்க நாங்க எத்தனை வருஷமா தேடறோம் தெரியுமா? மீதி அரை யாருது?"

"என்ரை மேடம். அப்பா எங்கள் ரெண்டு பேருக்கும் பாதி பாதியாப் பிரிச்சவர்."

"அருமை" என்றார். உண்மையிலேயே அவருடைய கண் கலங்கியிருந்தது. ஒரு புதிய அட்டையை எடுத்து முதலாம் கட்டத்தில் ஜெயமலர் என்று எழுதினார். இரண்டாம் கட்டத்தில் காணி. மூன்றாம் கட்டத்தில் என் பெயர். நாலாம் கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அவ உயிரோடை இருக்கிறா மேடம்."

"அதுதான் சிக்கல்" என்றார். "தப்பா எடுத்துக்காதீங்க. உயிரோட இருக்கிறவங்க ஒரு நிலையான தரவு கிடையாது. இன்னிக்குத் தங்கைம்பாங்க, நாளைக்குச் சண்டை போட்டுக்கிட்டு யாரோம்பாங்க. சர் ஹியூ ஒரு தடவையாவது அப்படி மாத்திப் பேசியிருக்காரா? நாலாம் கட்டம் காலியா இருந்தா பத்திரம் கொடுக்க விதியில்லை."

நான் நொத்தாரிசிடம் வேலை பழகியவன். விதி என்று யாராவது சொன்னால் அதன் விலக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவது கைப்பழக்கம். சேர் ஹியூவின் மூன்றாவது மகள் இசபெலின் அட்டையை எடுத்து வந்து வைத்தேன். அவள் எப்போது செத்தாள் என்று ஒருவருக்கும் தெரியாது. நாலாம் கட்டத்தில் '1290க்குப் பின்' என்று போட்டிருந்தார்கள்.

"இதைப்போலை, '2009க்குப் பின்' எண்டு போடலாம்தானே மேடம். அது பொய்யில்லையே."

வேதவல்லி பேனாவை மூடி வைத்தார். பிறகு, இது கொள்கைப் பிரச்சினை, குழுவுக்குத்தான் போகவேண்டும் என்றார். குழு மாசியில் கூடுவதில்லை; அது சேர் ஹியூ படுக்கையில் விழுந்த மாதம். பங்குனியில்தான் கூடியது. அதற்கிடையில் தேவிபுரம் இராணுவத்திடம் விழுந்துவிட்டது. மலர் எங்கே என்று எனக்குத் தெரியாது.

ஏழு பேர் நீண்ட மேசையைச் சுற்றி இருந்தார்கள். என்னை நிற்க வைத்தார்கள். இயக்குநர் ஆங்கிலத்தில் கேட்டதை என் தமிழில் எழுதுகிறேன்.

"இந்த உறுதியைத் தாளில் எழுதியவர் யார்?"

"நான். அப்போது அங்கே கிளாக்."

"அதாவது, இவள் தங்கை என்று சொல்பவரும் நீங்கள், அதற்கான ஆவணத்தை எழுதியவரும் நீங்கள்."

சொந்தத் தங்கையின் சீதன உறுதியை என் கையெழுத்திலேயே எழுதவேண்டும் என்று எண்பத்தேழில் நான்தான் பிடிவாதமாக நின்றேன். நொத்தாரிசு வேண்டாம் என்றும் சொன்னார். அன்று பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இந்த மேசையில் வந்து நிற்கும் என்று யார் கண்டது.

"மேற்கு எல்லையில் எனது மகன் என்று என் பெயர் இருக்கிறது" என்றேன்.

"எல்லை உறவாகாது" என்றார் இயக்குநர். "பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இருவர் அண்ணன் தங்கை ஆகிவிட முடியாது."

சேர் ஹியூவின் தம்பி என்று நிறுவனம் ஏற்றுக்கொண்ட வால்டர் என்பவருடைய அட்டையை நானே அடுக்கியிருக்கிறேன். பழைய சாட்சிப் பட்டியல் ஒன்றில் சேர் ஹியூவின் பெயருக்கு அடுத்த பெயர் அவருடையது. வேறு ஆதாரம் ஒன்றும் இல்லை. அதை மரியாதையாக எடுத்துச் சொன்னேன்.

இயக்குநர் கோபிக்கவில்லை. "வால்டர் விஷயத்தில் நாங்கள் ஒரு முடிவுக்கு வர முப்பது வருடம் எடுத்தோம். அந்த முப்பது வருடத்தில் வால்டர் ஒருமுறைகூட எங்களை அவசரப்படுத்தவில்லை" என்றார். மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

கடைசியில் ஒரு தீர்மானம் வந்தது. 'பின்' என்ற சொல்லைப் பாவிப்பதானால், அந்தத் திகதியில் ஆள் உயிரோடு இருந்ததற்குச் சான்று வேண்டும். அதற்கென்று ஒரு படிவம் தந்தார்கள். ஜெயமலர் தான் வசிக்கும் இடத்திலேயே, ஜே.பி. என்ற சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் அதில் கையெழுத்திட வேண்டும். போனில் பேசியது சான்றாகுமா என்று கேட்டேன். குரல் ஆவணமல்ல என்றார்கள்.

மல்வேர்ன் தபால் கவுண்டரில் இருந்த பெண் மலரின் தேவிபுரம் விலாசத்தைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்துவிட்டு, அந்த இடத்துக்குத் தபால் போவதில்லை என்றாள். பரவாயில்லை, அனுப்புங்கள் என்றேன். ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன்.

சித்திரை மாதம், வேலைக்குப் போகும் வழியில், கெனடி ஸ்ரேஷனில் நிற்கும்போது போன் அடித்தது.

"அண்ணை."

"மலர், எங்கை நிக்கிறாய்?"

"மாத்தளன் தாண்டி வந்திட்டம். தறப்பாள் கொட்டிலுக்குள்ளை இருக்கிறம். அண்ணை, ஏதாவது சரிவந்ததே?"

"ஓம் ஓம், எல்லாம் சரிவருது. ஒரு படிவம் மட்டும் வேணும். உன்ரை கையெழுத்து. ஒரு ஜே.பி.யைப் பிடிச்சு, அவருக்கு முன்னாலை வைக்கவேணும். அங்கை ஆராவது ஜே.பி. நிக்கினமே? திகதி தெளிவாப் போடச் சொல்லு. பேனை நீல மையா இருக்கவேணும்."

அந்தப் பக்கத்தில், பின்னால் யாரோ குழந்தையைக் கூப்பிட்டார்கள்.

"அண்ணை" என்றாள், சின்ன வயதில் நான் சொல்லும் கணக்கு விளங்காதபோது பேசுவது போலவே. "இஞ்சை பேப்பர் இல்லை அண்ணை."

அவ்வளவுதான். ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ கிடைத்தது. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. காயம் ஏதும் உண்டா என்று கேட்கவில்லை. நீல மையைப் பற்றிப் பேசினேன். அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

அந்த நாட்களில் யூனிவேர்சிற்றி அவெனியூ முழுக்க எங்கள் சனம் போரை நிறுத்தச் சொல்லிக் கொடி பிடித்துக்கொண்டு நின்றது. என் மகள் தனுஷிகா யூனிவேர்சிற்றி வகுப்புக்குப் போகாமல் அங்கேயே இருந்தாள். "அப்பா, யூ வேர்க் ரைற் தெயர், ஒரு பத்து மினிற் வந்து நிக்க ஏலாதே?" என்று கேட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன். திரும்பி வந்தபோது எல்லா மேசையிலும் ஒரு சுற்றறிக்கை கிடந்தது. வீதியில் அடிக்கும் மேளத்தால் சேர் ஹியூவின் மூல ஆவணங்கள் அதிர்கின்றன, ஊழியர்கள் அத்தகைய அதிர்வுகளுக்குத் துணைபோகக் கூடாது என்று எழுதியிருந்தது.

வைகாசி பதினெட்டு, அதாவது மே பதினெட்டு, விக்ரோறியா தினம், விடுமுறை. போர் முடிந்துவிட்டது என்று ரீவியில் சொன்னார்கள். என் மனைவி குணவதி ரீவியை நிப்பாட்டாமல் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து இருந்தாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போனேன். போகாமல் வீட்டில் இருந்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு நிறுவனத்தில் ஹோல்ம்வெல் எரிந்த நாள். வருடாவருடம் வைகாசி பத்தொன்பதில் நடப்பது. சேர் ஹியூ பிடித்த ஒரு சண்டை முடிகிற சமயத்தில் எதிராளிகள் அவருடைய ஊரைக் கொளுத்தினார்களாம். குடியானவர் பதினொரு பேர் செத்தார்கள். பதினொரு மெழுகுவர்த்தி ஏற்றி, கறுத்தப் பாண் ஒரு துண்டு எல்லோருக்கும் கொடுத்து, இயக்குநர் பேசினார்.

"அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது. போர் முடிந்தே விட்டது. அந்தச் சாவுகளால் ஒருவருக்கும் ஒரு பயனும் இல்லை. போகச் சொன்ன இடத்துக்குப் போனவர்கள் அவர்கள். அவர்களுடைய பெயரை ஒரு தாளில் எழுதிவைக்கக்கூட ஒருவரும் முன்வரவில்லை என்பதை என்னால் இன்றும் தாங்கமுடியவில்லை. அந்தக் காலத்தில் நம்மைப்போல ஒரு நிறுவனம் மட்டும் இருந்திருந்தால்." அவர் கைக்குட்டையை எடுத்தார். பிறகு இரண்டு நிமிட மௌனம் என்றார்.

மௌனம் தொடங்கியதும் வெளியே வீதியிலிருந்து சத்தம் வந்தது. மேளம் இல்லை அன்றைக்கு. பெண்கள் அழும் சத்தம், ஆயிரம் செத்தவீடு ஒன்றாக வந்ததுபோல. இயக்குநர் கண்ணைத் திறக்காமல் ஜன்னல் பக்கம் விரலைக் காட்டினார். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். போய்ச் சாத்திவிட்டு வந்து, என் பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மிச்ச மௌனத்துக்கும் நின்றேன்.

ஆனி நடுப்பகுதியில் வவுனியா முகாமிலிருந்து யூஜினி என்று ஒரு பெண் கூப்பிட்டார். எனக்குத் தெரியாதவர். மலரோடு ஒரே தறப்பாளில் இருந்தவராம்.

"அண்ணை, உங்கட நம்பரை மலரக்கா என்ரை சட்டைக் கைக்குள்ளை எழுதித் தைச்சு விட்டவ" என்றார். "மே பதினாலு. விடிய ஒரு எட்டு மணி இருக்கும். கஞ்சி லைனிலை நிக்கேக்கை. நான்தான் மண் போட்டு மூடினனான் அண்ணை. கிடங்கு ஆழமா வெட்ட ஏலேல்லை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மூன்று நாள் லீவு எடுத்தேன். திரும்பிப் போனபோது வேதவல்லி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை வைத்து விசாரித்தார். நல்ல மனுஷி. நான் சொன்னேன். அவர் அழுதார். அழுதபடியே, "தேதி உறுதியாத் தெரியுமா?" என்று கேட்டார்.

"பதினாலு எண்டு சொன்னவ."

"யார் சொன்னாங்க?"

"யூஜினி எண்டு ஒரு பிள்ளை. போனிலை."

"போதும்" என்றார். மேசை லாச்சியை இழுத்து ஜெயமலரின் அட்டையை எடுத்து, நாலாம் கட்டத்தை நிரப்பினார். உயிரோடு இருப்பதற்கு ஒரு சமாதான நீதவான் வேண்டியிருந்தது. செத்ததற்கு, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரலே தாராளமாகப் போதுமாக இருந்தது. அவர் எழுதும்போது நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அட்டையைப் பறித்துக் கிழித்திருக்கலாம். கையுறை போடவில்லையே என்றுதான் அந்த நேரத்தில் யோசித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

அதன்பிறகு நிறுவனம் ஓடிய ஓட்டத்தை நான் முன்பு கண்டதில்லை. குழு அவசரமாகக் கூடியது. பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. என் கையெழுத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லை உறவாகும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். மூன்றாம் நாள் இயக்குநரே என் மேசைக்கு வந்து பத்திரத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அரக்கு இன்னும் காயவில்லை.

"பிழையில்லாத ஒரு வாழ்க்கை" என்றார். "நாலு கட்டமும் முழுமையாக நிரம்பியிருக்கிறது. சேர் ஹியூவுக்குக்கூட எங்களால் இப்படிச் செய்ய முடியவில்லை."

வாசித்தேன். ஜெயமலர், இன்னாரின் மகள், இராஜரட்ணத்தின் தங்கை, ஐயத்துக்கு இடமின்றி. பிள்ளை இல்லாதபடியால் அவளுடைய சீதனம் பிறந்த வழிக்கே திரும்புகிறது என்று எங்கள் ஊர்ச் சட்டத்தையும் தேடிப்பிடித்து எழுதியிருந்தார்கள். மேற்கு எல்லைக் கிணறு, முழுவதும், இராஜரட்ணம். அவளுடைய மேற்கு எல்லை, என்னுடைய கிழக்கு எல்லை என்று இனி ஒன்றும் இல்லை. உறுதியை மட்டும் திருப்பித் தரவில்லை. அது இப்போது நிறுவனத்தின் சேகரிப்பு என்றும், வாசகர் அட்டை எடுத்தால் செவ்வாய், வியாழனில் வந்து பார்க்கலாம் என்றும், ஊழியர்களுக்கு வாசகர் அட்டை கொடுப்பதில்லை என்றும் வேதவல்லி சொன்னார்.

பத்திரத்தை நான் ஒருவருக்கும் அனுப்பவில்லை. நிறுவனம் தன் ஒழுங்குப்படி ஒரு பிரதியை விசா அலுவலகத்துக்கு நேரே அனுப்பியிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆவணியில், நான் பங்குனியில் அனுப்பிய ரிஜிஸ்தர் தபால் உடைக்கப்படாமல் திரும்பி வந்த அதே கிழமையில், விசா அலுவலகத்துக் கடிதமும் வந்தது. உறவு என்ற மூன்றாம் கட்டத்தோடு அவர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது.

குணவதி அடுப்படியிலிருந்து, "இஞ்சேருங்கோ, என்னவாம்?" என்று கேட்டாள்.

"மலர் என்ரை தங்கச்சிதானாம்" என்றேன். "ஒத்துக்கொண்டிட்டினம்."

அவள் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து கடிதத்தை வாங்கினாள். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். நான் உதவி செய்யவில்லை. அடுத்த கட்டமாக விண்ணப்பதாரி ஜெயமலர் முப்பது நாட்களுக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு நேரில் வரவேண்டும் என்றும், இரத்தம் எடுக்க இருப்பதால் அன்று காலை ஒன்றும் சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.